தடை வந்துவிட்டது, அளவு எங்கே?

ஜனவரி 2018 இதழ் – ஆசிரியர் உரை

டிசம்பர் 7 தேதியிட்ட சுற்றறிக்கை இதற்குள் உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்றும், 190, 191 பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கும்படியும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 2018 ஜனவரி நிலவரப்படி அபராதம் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000. இரண்டு வாரமாக அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: நம் பத்திரிகை யார் பக்கம்?

குழாய் கார்டு போகட்டும். அதுதான் எங்கள் நிலை. சந்தாதாரர்களில் பலருக்கு இது சோற்றுப் பிரச்சினை என்பது தெரியும். இந்தப் பத்திரிகையின் பின்னட்டையே பல ஆண்டுகள் கார்டு விளம்பரத்தில் ஓடியது. இந்த இதழிலிருந்து அந்த விளம்பரங்களை வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

காரணம் உங்களுக்குத் தெரியாததில்லை. சேஸிஸின் முன்கொம்பில் நேராகப் போல்ட் போட்டு மாட்டும் இரண்டரை அங்குலக் குழாய், கொம்புக்கு முன்னால் நசுங்குவதற்கென்றே வைத்த பெட்டியைத் தாண்டிக்கொண்டு விசையைச் சேஸிஸ் சட்டகத்துக்குள் அனுப்புகிறது. ஏ.ஐ.எஸ். 098 என்ற வாகனத் தரத்தின் மோதல் சோதனையில் 56 கி.மீ. வேகத்தில் மோதவிட்ட வண்டியில் அந்தக் குழாய் இல்லை. ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்று கணக்கிட்டதும் குழாய் இல்லாத அந்த வண்டியை வைத்துத்தான். 2018 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்குப் பாதசாரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 100 வருகிறது. கால் மாதிரியைப் பம்பரில் மோதவிட்டுப் பார்க்கும் சோதனையும் அதில் உண்டு. அதில் தேறிய முகப்புக்கு முன்னால் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தினால் அந்தச் சோதனைக்கு என்ன பொருள்?

இந்த முடிவுக்கு நான் வந்தது சுற்றறிக்கையைப் படித்து அல்ல. போன ஆகஸ்டில் பினாங்கு போயிருந்தேன். ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, பழைய பெயர் பிட் தெரு. 1801இல் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசலின் முன்னால் ஒரு ரிக்‌ஷா பிடித்தேன். பினாங்கு ரிக்‌ஷாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிதிப்பவர் பின்னால், பயணி முன்னால். காலை நீட்டி உட்கார்ந்தால் நமக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு கால்மிதிப் பலகைதான். நகைக் கடைகளைத் தாண்டியதும், எதிரே ஊர்ந்து வந்த நாலு சக்கர இழுவை வண்டி ஒன்று எங்களுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதன் குழாய் கார்டு சரியாக என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. பக்கவாட்டில் போகும்போது அதன் போல்ட் தலைகளை எண்ணினேன்: எட்டு. முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வண்டிக்குள் இருப்பவரின் கண்ணால் மட்டுமே பம்பரைப் பார்த்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மிதித்தவர் தமிழ் பேசும் பெரியவர். “பயமா இல்லையா பாய்?” என்று கேட்டேன். “எனக்கென்னங்க, எனக்கு முன்னாலதான் நீங்க இருக்கீங்களே” என்றார்.

ஆகவே தடையில் எங்களுக்குச் சண்டையில்லை. தடை எழுதப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது. கார்டு என்றால் என்ன என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. குழாயும் அதுதான், இரும்புச் சட்டமும் அதுதான், ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை பம்பரும் அதுதான். எது எவ்வளவு விறைப்பு, எவ்வளவு வளையும், எந்த வேகத்தில் எவ்வளவு ஆற்றலை வாங்கும் என்ற ஒரு எண் கூட அதில் இல்லை. எண் இல்லாத விதியைச் சாலையில் நிற்கும் காவலர் தன் கண்ணளவால்தான் அமல்படுத்துவார்.

நம் வாசகர்களில் ஸ்பிரிங் பட்டை செய்பவர்களுக்காக அந்த எண்ணை நாமே போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோ வண்டி 8 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுகிறது. ஆற்றல் சுமார் 3,700 ஜூல். பம்பர் 75 மி.மீ. உள்வாங்கினால் உச்ச விசை ஏறக்குறைய 10 டன். 15 மி.மீ. மட்டும் உள்வாங்கும் விறைப்பான சட்டமாக இருந்தால் 50 டன். அந்த 50 டன்னைத்தான் குழாய் கார்டு கொம்பின் மேல் ஏற்றப் பார்க்கிறது.

இப்போது எஃகுக்கு வருவோம். முனை நோக்கிக் குறுக்கி, நீளம் முழுக்க ஒரே அழுத்தம் வரும்படி செய்த பட்டையை 1,000 மெகாபாஸ்கல் வரை வேலை வாங்கினால், கிலோவுக்குச் சுமார் 100 ஜூல் தேக்கிவைத்துத் திருப்பித் தரும். மைல்டு ஸ்டீல் 250இலேயே தளர்ந்துவிடும். அழுத்தம் நாலில் ஒரு பங்கு என்றால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்கு, கிலோவுக்கு 6 ஜூல்தான். வளைந்து நெளிந்தால் குழாயும் ஆற்றலை விழுங்கும்தான். ஆனால் அது ஒரே ஒரு முறை, அதுவும் எவ்வளவு என்று மாட்டியவருக்கே தெரியாது. 3,700 ஜூலுக்கு ஸ்பிரிங் ஸ்டீல் 37 கிலோ வேண்டும். முன் அச்சுக்கு வெளியே 37 கிலோ தொங்குவது அதிகம். அமெரிக்கர்களும் இதில் இடித்துக்கொண்டவர்கள். 1973 மாடல்களுக்கு முன்பக்கம் மணிக்கு 5 மைல் என்று விதித்தார்கள், கனமான பம்பர்கள் வந்தன, 1982இல் இரண்டரை மைலுக்கு இறக்கிவிட்டார்கள். ஐ.நா.வின் 42ஆம் விதியும் 4 கி.மீ.தான் கேட்கிறது. 4 கி.மீ.க்கு நம் வண்டியின் ஆற்றல் 926 ஜூல், பட்டை 9 அல்லது 10 கிலோ. இது ஒரு நல்ல பட்டறைக்காரர் செய்யக்கூடிய பொருள்.

புதிதும் இல்லை. 1927 கடைசியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் பம்பரே இரட்டை ஸ்பிரிங் பட்டைதான். இடித்தால் உள்ளே போய்த் திரும்பி வரும்.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். மோதிய வண்டி பின்னால் எகிறும். கட்டில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும்போது கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். ஒற்றைப் பட்டையில் அதுவும் கிடையாது. ரப்பர் அடுக்கோ டேம்பரோ இல்லாமல் அது முழுமையான பம்பர் ஆகாது. இரண்டாவது, 4 கி.மீ.க்கு அளவெடுத்த பட்டையும், அதே 75 மி.மீ. உள்வாங்கினால், உச்சத்தில் இரண்டரை டன் விசை தரும். நடந்துபோகிறவரின் காலுக்கு அந்த விறைப்பு மிக அதிகம். முன்னால் மென்மையான உறையும் அகலமான முகமும் இல்லாத பட்டையை இந்தப் பத்திரிகை ஒருபோதும் ஆதரிக்காது. அந்த ரிக்‌ஷாவில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மூன்றாவது, 56 கி.மீ. மோதலில் ஆற்றல் 8 கி.மீ.யைப் போல 49 மடங்கு. அங்கே பட்டைக்கு வேலையே இல்லை. நசுங்கும் பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கும்படி மாட்டத் தெரிந்தவர் மட்டும் மாட்டட்டும். நாலாவது, புதுப்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய பழைய லாரிப் பட்டை பம்பர் ஆகாது. எத்தனை லட்சம் தடவை வளைந்த பட்டை என்று எவருக்கும் தெரியாது. அதில் வெல்டிங் வைப்பவருக்கு எஃகைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டெம்பர் போன இடத்தில்தான் அது ஒடியும்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுத முடிகிறது. அமைச்சகத்தால் ஏன் எழுத முடியவில்லை? இத்தனை ஜூலுக்குக் குறையக்கூடாது, இத்தனை விறைப்புக்கு மேல், இந்த உயரத்துக்கு மேல் கூடாது என்று மூன்று வரி போதுமே.

எண் இருக்கும் இடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? லாரியின் பின்பக்கத் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி நான் எழுதுவது ஏழாவது தடவை, நீங்கள் சலித்திருக்கலாம். ஐ.எஸ். 14812 என்ற தரம் பல ஆண்டுகளாக இருக்கிறது. வெற்று வண்டியில் தடுப்பின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. குறுக்குச் சட்டத்தின் உயரம் 100 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அதற்கு மூலமான ஐ.நா. 58ஆம் விதியின் அப்போதைய பதிப்பு, பெரிய வண்டிக்குக் குறிப்பிட்ட புள்ளிகளில் 100 கிலோநியூட்டன் வரை, அதாவது ஏறக்குறைய 10 டன் விசையைத் தாங்கிக் காட்டச் சொன்னது. கார் லாரியின் அடியில் நுழைந்தால் கண்ணாடி வரைக்கும் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஏர்பேக்கும் இல்லை, நசுங்கும் பெட்டியும் இல்லை, தலை நேராகச் சரக்குப் பலகையைச் சந்திக்கிறது. உயிர் போவது அங்கேதான்.

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் பாடி கட்டுகிற நம் வாசகர்களிடம் இந்த 550ஐக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியாது. தவறு அவர்களுடையதா? தரப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது, தமிழில் ஒரு வரி கிடையாது. பாடி கட்டுபவர் பத்தாவது படித்தவர், வெல்டர் அதுவும் படிக்காதவர். அவர்கள் கையில்தான் நெடுஞ்சாலையில் போகும் அத்தனை கார்களின் முன் சீட்டும் இருக்கிறது. அவர்களிடம் அளவைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கும் நாள் வரும்போது ஒரு சி-சேனலை இரண்டு புள்ளியில் ஒட்டிக் கொண்டுபோகிறார்கள். சரக்கு ஏற்ற இடைஞ்சல் என்று அடுத்த வாரம் அறுத்துவிடுகிறார்கள். ஒரே சேனல் மூன்று லாரிகளுக்கு எஃப்.சி. வாங்கித் தந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

2011இல் ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். இந்த அளவுகளைத் தமிழில் ஒரு தாளாக அச்சிட்டு எஃப்.சி. கவுண்டரில் கொடுங்கள், அச்சுச் செலவு எங்களுடையது என்றேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். நேரில் போனேன். மொழிபெயர்ப்பில் பிழை வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். தமிழில் சொல்லாததால் செத்தவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். நாடாளுமன்றம் சட்டம் போடுகிறது, அமைச்சகம் சுற்றறிக்கை விடுகிறது, தரக் குழுக்கள் கூடிக் கலைகின்றன. அந்தக் குழுக்களில் பட்டையை எண்ணெயில் தோய்த்து டெம்பர் எடுத்த கை ஒன்றாவது இருந்ததுண்டா? பட்டைக்குக் கேம்பர் வளைவு ஏற்றும் கிழவருக்கு அழைப்பு போனதுண்டா? அபராதச் சீட்டு மட்டும் பட்டறை வாசலுக்கு வரத் தெரிகிறது. தரத்துக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பொதுப் பணத்தில் எழுந்தது. வருஷத்தில் நாலு நாள் சிறு பட்டறைகளின் பம்பருக்கும் பின்தடுப்புக்கும் ஒதுக்கி, குறைந்த கட்டணத்தில் அழுத்திப் பார்த்துச் சொன்னால், எது பம்பர் எது கார்டு என்று யாரும் கண்ணளவால் தீர்மானிக்க வேண்டியிருக்காது. தேறாததைப் போடுபவரை அதற்குப் பிறகு பிடியுங்கள். நாங்களே காட்டிக்கொடுக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் அமைச்சகம் விட்டுவிட்டது. இந்தக் கார்டுகளில் பல நம் பட்டறையில் மாட்டியவை அல்ல. புது வண்டி வாங்கும்போதே ஷோரூமில், துணைப்பொருள் பட்டியலில், பில் போட்டு விற்றவை. 191ஆம் பிரிவு விற்பவருக்கும்தான். முதல் சோதனை அங்கே நடக்கட்டும். தெருவோரம் கம்ப்ரஸர் வைத்திருப்பவரிடம் தொடங்கினால், இந்த உத்தரவை ஆதரிக்கும் நாங்களும் எதிர்க்க வேண்டிவரும்.

கார்டைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியவற்றை 14ஆம் பக்கத்தில் தந்திருக்கிறோம். முக்கியமாக, கொம்பில் கூடுதலாகத் துளை போட்டிருந்தால் வெல்டு வைத்து மூடி மறைக்காதீர்கள். அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். இருப்பில் உள்ள குழாய்களை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கூரை கேரியர், படி, கடை ஷட்டர் சட்டம் எதுவானாலும் சரி, வண்டியின் முகத்தில் மட்டும் வேண்டாம்.

பிப்ரவரி இதழோடு ஒரு தனித்தாள் வரும். பின்தடுப்பின் 550, 100 இரண்டு அளவுகளும், விசைப் புள்ளிகள் எங்கே என்ற படமும், 4 கி.மீ. ஸ்பிரிங் பம்பருக்கான பட்டைக் கணக்கும் அதில் தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பு நான், கீழே கையெழுத்து இருக்கும். வெல்டிங் மேடைக்கு எதிர்ச் சுவரில், கண் மட்டத்தில் ஒட்டிவையுங்கள். கூடுதல் பிரதி வேண்டுபவர்கள் அஞ்சல் செலவு மட்டும் அனுப்பினால் போதும்.