செடி வைக்கும் முன் மூன்று கேள்விகள்



ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தாலே உங்கள் பிள்ளைகள் டயரிலும் பாட்டிலிலும் சிமெண்ட் சாக்கிலும் செடி வைத்த படங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் பழைய பொருளைத் தொட்டியாக்கிவிட்டாலே அது இயற்கைக்குச் செய்த உதவி ஆகிவிடாது என்பது என் கருத்து. முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: தண்ணீர் எங்கே போகும்?

சங்ககிரி லாரி ஊர். பழைய டயருக்குப் பஞ்சமே இல்லை. பெயிண்ட் அடித்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் டயரின் உள்வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் போதும், டெங்கு கொசு முட்டையிட. முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய பத்து நாள்தான். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடு கிடக்கும். அதனால் அடிப்பக்கம் சுற்றிலும் ஓட்டை போட்டு, உள்வளைவு நிறைய மண்ணை அடைத்த பிறகே செடி வையுங்கள். அதிலும் பூச்செடி போதும், கீரை வேண்டாம். டயர் ரப்பரில் துத்தநாகமும் வேறு ரசாயனங்களும் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டு: நம் ஊர் வெயிலை எத்தனை வருஷம் தாங்கும்?

சிமெண்ட் சாக்கு வெயிலில் காய்ந்து நார்நாராகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிடும். அப்புறம் பொறுக்கி எடுக்கவே முடியாது. அதற்கு ஓட்டை விழுந்த பழைய பக்கெட்டை நிழலில் வைப்பது மேல்.

மூன்று: வேலை முடிந்ததும் அது எங்கே போகும்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. ஆனால் அரசுத் துறைகளின் ஆர்டருக்காக வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால்களில் பயன்படும் பைகளுக்கு அந்த ஆணையிலேயே விலக்கு இருந்தது. மரம் நடும் விழா முடிந்த இடத்தில் கிழிந்த கறுப்புப் பைகள் காற்றில் பறப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நூறு மரம் நட்டால் நூறு பை குப்பை. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. கொட்டாங்குச்சி! கண் இருக்கும் பாதியை எடுத்து, மெல்லிய கண்ணை ஆணியால் குத்தினால் தண்ணீர் வடிய வழி தயார். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுக்கு அது போதும். நடும்போது லேசாகத் தட்டினால் வேரும் மண்ணும் சேர்ந்து வந்துவிடும். ஓட்டை மறுபடியும் பயன்படுத்தலாம். கடைசியில் அடுப்பெரிக்கவும் ஆகும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளிடம் பாட்டிலுக்குப் பதில் கொட்டாங்குச்சி கொண்டுவரச் சொல்லுங்கள். மரக்கன்று வாங்கினால் பையைக் கிழிக்காமல் கழற்றி நர்சரியிலேயே திருப்பிக் கொடுங்கள். லாரி வைத்திருக்கும் தம்பிகளே, ஷெட்டுக்குப் பின்னால் மழையில் கிடக்கும் டயர்களை இந்த வாரமே கூரைக்கடியில் எடுத்து அடுக்குங்கள்.

செய்து பார்த்து எப்படி வந்தது என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்