தனுசில் பிறந்த நகரமா?

ஒரு நாட்டுக்கு ராசி கற்பித்து, அதைக் கொண்டே அந்நாட்டு மக்களின் குணத்தையும் வரைந்துவிடுகின்றனர் சிலர். அதற்குப் பக்தாதைச் சான்று காட்டுவோரும் உளர்.

கி.பி. 762-இல் (ஹிஜ்ரி 145) கலீஃபா அல்மன்சூர் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியபோது நேரம் குறித்துக் கொடுத்தோர் நவ்பக்த், மாஷாஅல்லாஹ் முதலிய சோதிடர்கள். உதய ராசி தனுசு; அதிலே வியாழன். அந்த ஜாதகத்தை அல்பிரூனியும் பதிந்து வைத்திருக்கிறார். இவையெல்லாம் மெய்யே. ஆதலால் அந்நகரத்தார் பரந்த நோக்கினர், கல்வி வேட்கையினர் என்று முடிவு கட்டுவது எங்ஙனம்?

கிரேக்க அறிஞர் தாலமி மெசப்பட்டோமியாவைக் கன்னி ராசிக்கன்றோ கொடுத்தார்! தனுசை அவர் ஸ்பெயினுக்கும் தென் அரபகத்துக்கும் பங்கிட்டார். மண் ஒன்று, ஒருவர் கணக்கில் அது கன்னி, மற்றவர் கணக்கில் வில்லாளி! யமன் நாட்டு மலையுழவனுக்கும் ஸ்பெயின் நாட்டுக் கடலோடிக்கும் குணம் ஒன்றாம்!

பக்தாதை வளர்த்தவை டைகிரிஸ் ஆறும், யூப்ரட்டீஸிலிருந்து வந்த கால்வாய்களும், பஸ்ரா வழியே ஏறிவந்த சீனச் சரக்கும். அதன் கல்விப் புகழோ, கிரேக்க நூல்களை அரபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோரின் உழைப்பு. (அவர் கிறிஸ்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.) அவர்கள் உழைத்த கூலியை வியாழனிடம் கொடுப்பது என்ன நியாயம்?

1258-இல் ஹுலாகுவின் படை புகுந்தபோதும் பக்தாதுக்கு அதே ஜாதகந்தான். அன்று வெட்டுண்டு மாண்டோர் எந்த ராசிக் குணத்தால் மாண்டனர்? பலன் எழுதுவோர் சொல்லட்டும்.