வினாடி வினா போதாது. தரவுப் போட்டி வேண்டும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம் கடற்கரைக்கு 2021-ஆம் ஆண்டு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதன் பின்னர் அங்குள்ள மீனவக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்துவிட்டது என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அந்த உயர்வுக்குக் காரணம் நீலக்கொடிதானா? அதே ஆண்டில் கரோனா கட்டுப்பாடுகளும் தளர்த்தப்பட்டன. சான்று இல்லாவிட்டாலும் கூட்டம் திரும்பியிருக்கக் கூடும்.

எனவே, சான்று பெறாத ஓர் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள நெம்மேலி பொருந்துமா? அங்கு 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்குகிறது. 2024-இல் இரண்டாவது நிலையமும் திறக்கப்பட்டது. அவ்வூரின் மாற்றங்களுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பொருத்தமான ஊரைத் தேர்வதே பாதி ஆய்வு. ‘இது நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?’ என்ற வினாவுக்குத் தரவுகளைக் கொண்டு விடை தேடுவது, எகனாமெட்ரிக்ஸ் எனப்படும் பொருளாதார அளவியலின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

நம் கல்லூரிகளிலும் இது பாடமாக இருக்கிறது. ஆனால், சூத்திரங்களை நிறுவிக் காட்டி மதிப்பெண் பெறும் மாணவர்கள் பலர், உண்மையான தரவு ஒன்றைக்கூடக் கையாளாமலேயே பட்டம் பெறுகிறார்கள். போட்டிகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் செல்கின்றன. ரிசர்வ் வங்கி தனது 90-ஆவது ஆண்டையொட்டி 2024-இல் கல்லூரி மாணவர்களுக்கு நாடு தழுவிய வினாடி வினா நடத்தியது. நல்ல முயற்சிதான், ஆயினும், வினாடி வினா சோதிப்பது நினைவாற்றலையே.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக மாணவர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் ‘எகனாமெட்ரிக் கேம்’ வேறு வகை. பல நாட்டுப் பல்கலைக்கழக அணிகளிடம் ஒரு நடைமுறைச் சிக்கல் ஒப்படைக்கப்படும். சில நாள்களுக்குள் அவர்கள் ஆய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும். வல்லுநர் குழு அதை மதிப்பிடும். 1969-இல் முதல் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட டின்பெர்கனும், 2021-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட இம்பென்ஸும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள் என்பது நினைவுகூரத் தக்கது.

தமிழகத்தில் இத்தகைய போட்டிக்குக் களம் ஆயத்தமாகவே உள்ளது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021-லும், பள்ளிகளில் காலை உணவு 2022-லும், மகளிர் உரிமைத்தொகை 2023-லும் தொடங்கின. ஒருசாரார் சாதனை என்கிறார்கள். மறுசாரார் வீண்செலவு என்கிறார்கள். சான்றுகளை எடைபோடுவோர் குறைவு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவுகளும், ‘ஆர்’ போன்ற மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெருநகர நிறுவனங்களே பரிசுகளை அள்ளிச் செல்லும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே, மாவட்ட அளவில் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு முதலில் பயிற்சி அளிக்க வேண்டும். சென்னைப் பொருளியல் பள்ளி போன்ற நிறுவனங்கள் இதற்கு வழிகாட்டலாம். முடிவுகளைப் பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத் தமிழில் எழுதவும் மதிப்பெண் வேண்டும். ‘இந்தத் தரவு இதற்கு மேல் எதையும் சொல்லவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் அணிக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கலாம்.

கோவளத்து மீனவர் ஒருவர், ‘இந்தக் கொடியால் எங்களுக்கு என்ன பயன்?’ என்று கேட்டால், நேர்மையாக விடை தேடத் தெரிந்த பட்டதாரி நம்மிடம் இருக்க வேண்டும்.