கோரிக்கை மனு: சமூக விசாரணைக்கு வாகனமும் கள நாட்களும் ஒதுக்கக் கோருதல்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: இதே பொருள் குறித்த எங்கள் முந்தைய மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் மூத்த சமூகப் பணியாளர்கள் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

1. வாகனமும் கள நாட்களும்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் பிரிவு 36, குழந்தை நலக் குழு முன் வரும் குழந்தை குறித்த சமூக விசாரணையை 15 நாட்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. நான்கு மாதங்களுக்குள் குழு இறுதி உத்தரவு பிறப்பிக்க ஏதுவாகவே இக்கெடு வைக்கப்பட்டுள்ளது. முதல் மனுவில் இப்பிரிவை எடுத்துக்காட்டியிருந்தோம். அடுத்ததில் அதன் நகலையே இணைத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்பதே இதுவரை கிடைத்த பதில்.

விசாரணை என்பது மேசையில் அமர்ந்து படிவம் 22-ஐ நிரப்புவது அன்று. குழந்தைத் திருமணம் தடுக்கப்பட்டு இல்லத்தில் தங்கவைக்கப்பட்ட சிறுமியை வீட்டுக்கு அனுப்பலாமா என்று குழு கேட்கிறது. அவள் ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒன்று. நாங்கள் போய்ச் சேரும்போது பெற்றோர் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து போகிறார்களா என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். பெற்றோர் திரும்பும் நேரத்துக்குக் கடைசிப் பேருந்து போயிருக்கும். சொந்த இருசக்கர வாகனம் வைத்திருப்பவர் தம் செலவில் இன்னொரு முறை போகிறார். மற்றவர் பக்கத்து வீட்டாரிடம் தொலைபேசியில் விசாரித்து அறிக்கை எழுதும் நிலை. அப்படி எழுதிய வரியை நம்பித்தான் சிறுமி வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். சில வாரங்களில் அவள் கழுத்தில் தாலி ஏறினால், அறிக்கையில் கையெழுத்திட்டவரே பதில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே கூட்ட ஏற்பாடு, புள்ளிவிவரத் தொகுப்பு, விழிப்புணர்வுப் பேரணி எனப் பிற பணிகளுக்கும் எங்களையே அழைக்கிறார்கள். அந்த நாட்களும் 15-க்குள்தான் கழிகின்றன. கெடு தவறினால் பிரிவு 36-ஐச் சுட்டிக்காட்டி எங்களுக்குக் குறிப்பாணை வருகிறது. அதே பிரிவைச் சுட்டிக்காட்டித்தான் நாங்கள் வாகனம் கேட்கிறோம். கெடுவைச் சட்டமாக ஏற்கும் அலுவலகம், அதை நிறைவேற்றும் வழியைச் சலுகையாகக் கருதலாகாது.

எனவே, (அ) கள ஆய்வுக்கெனத் தனி வாகனம் ஒதுக்கவும். (ஆ) விசாரணை நிலுவையில் உள்ள பணியாளரைப் பிற பணிகளுக்கு அனுப்பாதிருக்கவும். (இ) வாகனம் தராத நாட்களை அறிக்கையிலேயே பதிவுசெய்ய அனுமதிக்கவும். (ஈ) நேரில் பார்க்காத வீட்டுக்கு அறிக்கை கேட்பதை நிறுத்தவும் ஆணையிட வேண்டுகிறோம்.

2. நிலுவைப் பயணப்படியை வழங்க வேண்டும்.

3. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் ஊதியம் வழங்க வேண்டும்.

4. குழந்தைகளிடம் தனியே பேசக் கதவுள்ள அறை ஒன்று ஒதுக்க வேண்டும்.

5. புகைப்பட அடையாள அட்டைகளைப் புதுப்பித்துத் தர வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்களின்படி மாவட்டக் குழந்தைகள் நலன் மற்றும் பாதுகாப்புக் குழுவின் தலைவர் தாங்களே. அக்குழுவின் அடுத்த கூட்டத்தில் முதல் கோரிக்கையைப் பொருள்நிரலில் சேர்த்து, எடுக்கப்படும் முடிவைத் தேதியிட்ட கடிதமாக எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். மறுப்பதானால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்