உப்பும் ஒலியும்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்கு வந்தால், அங்கே வளர்ந்த தியாகராஜ பாகவதரின் ஞாபகம் வராமல் இருக்குமா?

1934-ல் 'பவளக்கொடி' என்ற புராணப் படத்தில் அவர் நடித்தார். அந்நாளில் நடித்துக்கொண்டேதான் பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கி வாசிப்பார்கள். நடுவில் ஒரு காக்கை கரைந்தால் போதும், ஒலிப்பதிவாளரின் பாடு திண்டாட்டம்!

1938-ல் கிருஷ்ணன் கதையான 'நந்தகுமார்' தமிழுக்குப் பின்னணிப் பாட்டைக் கொண்டுவந்தது. திரையில் நடிகையின் முகம்; குரலோ லலிதா வெங்கட்ராமனுடையது. இரண்டையும் இசைவாகச் சேர்த்தவர்களை யார் நினைத்தார்கள்?

நம் சமையலும் அப்படித்தானே? ருசித்தால் சாம்பாருக்குப் புகழ். உப்புக் குறைந்தால்தான் சமைத்தவள் ஞாபகம்!

அடுத்த முறை பக்திப் படம் பார்க்கும்போது, 'ஒலிப்பதிவு' என்று வரும் பெயரையும் படித்துவிடுங்கள், அம்மா!