எல்லா இலக்கமும் தொலைபேசி இலக்கமல்ல

நுகேகொடை ஹைலெவல் வீதியிலும் வெள்ளவத்தை காலி வீதியிலும் கடை நடத்தும் நம்மவர்கள் பலர் இன்று இணையத்தளமும் வைத்திருக்கிறார்கள். கடையின் பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழை வந்தால் அன்றே திருத்துவோம். இணையத்தளத்தில் உள்ள இலக்கங்கள் வாடிக்கையாளரின் கையடக்கத் தொலைபேசியில் எப்படித் தெரிகின்றன என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஐபோனின் சஃபாரியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், தொலைபேசி இலக்கம் போலத் தோன்றும் எண்களை அது தானாகவே அழைப்பு இணைப்பாக மாற்றிவிடும். தொட்டால் அழைப்பதற்குத் தயாராகும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் அது வெறும் ஊகம். நமது தொலைபேசி இலக்கம் பூச்சியத்துடன் சேர்த்து 10 எண்கள். வங்கிக் கணக்கு இலக்கமும், பற்றுச்சீட்டு இலக்கமும், பொருளின் குறியீடும் அதே நீளத்தில் வரலாம். ஊகம் பிழைக்க அது போதும்.

பணம் செலுத்த வருபவர் கணக்கு இலக்கத்தைப் பிரதி எடுக்கத் தொடுகிறார். தொலைபேசியோ, யாரையோ அழைக்கட்டுமா என்கிறது. மோசடிகள் மலிந்த காலம் இது. அவர் தொலைபேசியைக் குறை சொல்லமாட்டார், கடையைத்தான் சந்தேகிப்பார்.

பரிகாரம் ஒரே வரி. பக்கத்தின் தலைப்பகுதியில் "ஃபோர்மட் டிடெக்‌ஷன்" என்ற மெட்டா குறிப்பை இட்டு, அதில் "டெலிபோன்=நோ" என்று எழுதினால் ஊகம் நின்றுவிடும். அப்பிள் நிறுவனமே தந்துள்ள வழி இது. ஒவ்வொரு பக்கத்திலும் அது இருக்க வேண்டும்.

அப்படியானால் வாடிக்கையாளர் நம்மைத் தொட்டு அழைக்க முடியாதே என்று சிலர் கேட்கலாம். முடியும். இந்த வரி தொலைபேசியின் ஊகத்தை மட்டுமே தடுக்கும். நமது உண்மையான தொலைபேசி இலக்கத்துக்கு "டெல்" என்று தொடங்கும் இணைப்பை நாமே கொடுத்தால் அது வழமைபோல் இயங்கும். கொடுக்கும்போது முன்னுள்ள பூச்சியத்தை நீக்கி +94 சேர்த்துக் கொடுங்கள். டுபாயிலும் டோஹாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்குப் பொருள் வாங்கித் தர அங்கிருந்தே அழைக்கிறார்கள். வெறும் 011 அவர்களுக்கு உதவாது.

ஆகவே இணையத்தளம் செய்து தந்தவரிடம் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பின்னர் ஓர் ஐபோனில் உங்கள் பக்கத்தைத் திறந்து ஒவ்வோர் இலக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். எது கடையின் தொலைபேசி, எது கணக்கு என்பதைச் சொல்ல வேண்டியவர் வியாபாரி. அதைக் கருவியின் ஊகத்துக்கு விட்டுவிடக்கூடாது.