திறவாத மூடியும் திருத்திய பொறியும்

அலுவலகத்துப் பொறி ஒன்றின் மூடி திறக்கப்படவில்லை. திருகாணிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒட்டிய முத்திரை கிழியவில்லை. பொறியும் என்றும்போல் இயங்குகின்றது. ஆகவே அதனை எவரும் தொடவில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றோம். இம்முடிவு எத்துணைப் பேதைமை உடையது என்பதை உலகப் பெருவல்லரசுகளுள் ஒன்று எட்டாண்டுக் காலம் ஏமாந்திருந்து பின்னரே கற்றுக்கொண்டது. கணிப்பொறியும் கைப்பேசியும் வாக்குப்பொறியும் நம் வாழ்வின் உள்ளறை வரை வந்துவிட்ட இந்நாளில் அவ்வரலாற்றை அன்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மென்பொருளில் நுழையும் தீங்குநிரல்களைப் பற்றி நாளும் பேசுகின்றோம். வன்பொருளில், அதாவது கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடிய உறுப்புகளில், செய்யப்பெறும் கரவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மென்பொருளை முற்ற அழித்து மீண்டும் எழுதிக்கொள்ளலாம். உறுப்பில் புகுந்த கரவோ நூறுமுறை அழித்தெழுதினும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நம்மைப் பார்த்து நகைக்கும்.

1983-ஆம் ஆண்டு, அமெரிக்கரும் உருசியரும் ஒருவரையொருவர் உறங்காது உளவு பார்த்த காலம். தம் செய்திப்பொறியுள் உளவுக் கருவி ஒன்று இருக்கக் கண்டதாக நட்பு நாடொன்று அமெரிக்க அரசுக்குச் சொல்லிற்று. அவர்கள் பொறிக்குள் புகுந்த உருசியர் நம் பொறியை மட்டும் விட்டா வைத்திருப்பர் என்னும் ஐயம் எழுந்தது. அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு முகவாண்மையினர் ஒரு திட்டம் வகுத்தனர். மாசுகோ நகரத் தூதரகத்தில் மின்னால் இயங்கும் செய்திப்பொறி, தட்டச்சுப்பொறி, படியெடுக்கும் பொறி, கணிப்பொறி அனைத்தையும் ஒருசேர எடுத்துத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது. அவற்றின் இடத்தில் புதியவற்றை வைப்பது. 1984 பிப்பிரவரியில் குடியரசுத் தலைவர் இரீகன் இசைவளித்தார். துப்பாக்கியாளன் என்று பொருள்படும் பெயரைத் திட்டத்துக்கு இட்டனர்.

ஈண்டு ஒன்றை உன்னிப்பாக நோக்குதல் வேண்டும். புதிய பொறிகளை அனுப்புமுன் அவர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தனர். ஊடுகதிரால் படம் எடுத்து வைத்துக்கொண்டனர். எவரேனும் கை வைத்தால் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைப் பொருத்தினர். உருசிய நாட்டில் கிடைக்காத வகைப் பைகளுள் இட்டு மூடினர். பின்னொரு நாள் அதே பொறியை மீண்டும் படமெடுத்தால், முன்னைய படத்தோடு பொருத்தி வேறுபாட்டைக் கண்டுவிடலாம். முத்திரையைக் காட்டிலும் பன்மடங்கு வலியது அந்த முதற்படம். (பொறிகள் மாசுகோவில் வந்திறங்கிய வேளையில் தூதரகத்து மின்தூக்கி பழுதுபார்ப்பதற்கென நிறுத்தப்பட்டிருந்ததாம், பெட்டிகளைப் படிக்கட்டு வழியே சுமந்து ஏற்றினர். பழுது உண்மையானதுதானா என்பதை அவரவரே உய்த்துணர்ந்து கொள்க.)

மீட்டுக் கொண்டுவந்த பழைய பொறிகளை மேரிலாந்து மாநிலத்தில், முகவாண்மையின் ஊர்தி நிறுத்தும் வெளியில் இழுவைக் கூண்டுகளை நிறுத்தி, அவற்றுள் வைத்து ஆராய்ந்தனர். கரவை முதலில் கண்டறிவோர்க்கு 5,000 தாலர் பரிசு என்று அறிவித்திருந்தனர். மறைமொழியாக்கும் பொறிகளிலேதான் ஏதேனும் இருக்கும் என்று எண்ணி அவற்றையே முதலில் குடைந்தனர். ஒன்றும் அகப்படவில்லை. கிழமைகள் கழிந்தன. சூலை 23 இரவு, ஐ.பி.எம். நிறுவனத்துச் செலெக்டிரிக்குத் தட்டச்சுப்பொறி ஒன்றின் மின்விசையில் கம்பிச்சுருள் ஒன்று கூடுதலாக இருப்பதைத் தொழில்நுட்பர் ஒருவர் கண்டார். அதனாலேயே அது கரவு என்று சொல்லிவிட முடியாது. நினைவகம் சேர்த்த புதுவகைப் பொறிகளில் அத்தகைய சுருள் இருத்தல் கூடும். ஆயினும் அவர் உள்ளம் அமையவில்லை. பொறி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஊடுகதிரில் படமெடுத்தார். விசைப்பலகையின் அடியில் குறுக்கே ஓடும் மாழைச் சட்டம், வெறும் தாங்குசட்டமாக இருக்கவேண்டியது, தன் வயிற்றுக்குள் ஒரு முழு மின்சுற்றைச் சுமந்துகொண்டிருந்தது.

அச்சுற்று செய்த வேலை வியப்புக்குரியது. ஒரு விசையை அழுத்துங்கால் பொறியின் உள்ளே சில கைகள் அசையும். எவ்வெழுத்துக்கு எக்கைகள் என்பது வரையறுத்த ஒன்று. சட்டத்துள் இருந்த காந்தமானிகள் அவ்வசைவை உணர்ந்தன. சுற்று அதனைச் சுருக்கக் குறியாக்கிச் சேர்த்து வைத்தது. சில எழுத்துகள் சேர்ந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் வானலையில் உமிழ்ந்தது. சில குறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளைச் சுட்டினும், மொழியில் எவ்வெழுத்து மிகுந்து வரும் என்னும் கணக்கைக் கொண்டு கேட்போர் ஊகித்துக்கொள்ளலாம். இத்தகைய பொறிகள் மாசுகோவிலும் இலெனின்கிராடு நகரத் துணைத்தூதரகத்திலுமாகப் 16 அகப்பட்டன. 1976 முதலே அவை வேலை செய்து வந்தன. உருசியச் சுங்கத்தாரின் கையில் பொறிகள் இருந்த இடைவேளையில் திருத்தப்பட்டிருக்கலாம் என்று கருதினர். செய்தியை மறைமொழியாக்கும் பொறிக்கு எத்துணை வலிமை இருந்தென்ன? மறைப்பதற்கு முன்பே, விரல் பட்ட அக்கணமே எழுத்து களவு போயிற்று.

அவ்வெட்டாண்டுகளில் ஆய்வாளர்கள் வராமல் இல்லை. வந்தார்கள், வானலை அளக்கும் கருவிகளோடு அறை அறையாகச் சுற்றினார்கள். கரவுக் கருவியோ தொலைக்காட்சி அலைவரிசையின் பக்கத்திலேயே பதுங்கி, நொடிப்பொழுது பேசி, உடனே வாய் மூடிக்கொண்டது. ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் தொலைவிலிருந்தே அதனை அணைத்துவிடவும் முடியும். 1978-இல் தூதரகத்துப் புகைபோக்கியுள் ஓர் அலைவாங்கியைக் கண்டெடுத்தனர். எதற்காக அது அங்கே தொங்குகிறது என்று அப்பொழுது எவருக்கும் விளங்கவில்லை. தடயம் கையில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய அறிவு கையில் இல்லை.

எம் கருத்தில் இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவேயாகும். செலெக்டிரிக்குப் பொறி அமெரிக்கர் செய்தது. அதனைச் செய்த நாட்டவர்க்கே அதன் வயிறு இயல்பில் எப்படி இருக்கும் என்பதைப் பதிந்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் அதுவரை வரவில்லை. பகைவரோ அதன் ஒவ்வோர் உறுப்பையும் கற்றுத் தெளிந்திருந்தனர். உட்புறத்தைப் பலர் அறியச் செய்தால் பகைவர்க்கு வாய்ப்பாகும் என்று இன்றும் சொல்வோர் உளர். பகைவர் அறியாமல் இருந்தது எங்கே? அறியாதவர் பொறிக்கு உரியவரே அல்லரோ? உருசியர் தம் மறைச்செய்திகளுக்கு மின் தட்டச்சுப்பொறியை நம்பவில்லை. கையால் இயக்கும் பொறிகளையே தூதுப்பைகளில் அனுப்பி, வேலை முடிந்ததும் முத்திரையிட்ட பெட்டிகளுள் பூட்டி வைத்தனர். அவ்வழக்கத்தைக் கண்டேனும் அமெரிக்கர் ஐயுற்றிருக்கலாம்.

ஏமாந்தவர் பின்னர் ஏமாற்றுவோராக மாறியதும் உண்டு. 2010-ஆம் ஆண்டைச் சேர்ந்த, 2014-இல் வெளிப்பட்ட அம்முகவாண்மையின் உள்ளறிக்கை ஒன்றில் ஒளிப்படம் இருந்தது: சிசுகோ நிறுவனத்துப் பெட்டி ஒன்றை முகவாண்மையினர் பதமாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றனர். அயல்நாட்டுக்கு அனுப்பப்பெற்ற பிணையக் கருவிகளை வழியில் மறித்து, கரவு உறுப்பைப் பொருத்தி, மீண்டும் ஒட்டி, உரியவர்க்கு அனுப்பி வைப்பதே அவ்வேலை. பெற்றுக்கொண்டவர் கண்டது புத்தம்புதிய பெட்டி. சிசுகோ தலைவர் நாட்டுத் தலைவர் ஒபாமாவுக்கு மடல் எழுதி முறையிட்டார். உரியவர் பெயரைத் தவிர்த்து வேற்று முகவரிக்குப் பொருளை அனுப்பும் ஏற்பாட்டையும் அந்நிறுவனம் பின்னர்ச் செய்தது.

ஐயத்தையே கண்டுபிடிப்பாகக் கொள்ளுதலும் பிழை. 2018-இல் புளூம்பெர்க்கு இதழ், சூப்பர்மைக்ரோ நிறுவனத்துக் கணிப்பொறிப் பலகைகளில் சீனர் அரிசி மணியளவு சில்லு ஒன்றைப் புகுத்தினர் என்று எழுதிற்று. அந்நிறுவனமும் ஆப்பிள், அமேசான் நிறுவனங்களும் முற்ற மறுத்தன. அச்சில்லை எவரும் மக்கள் முன் எடுத்துக் காட்டவில்லை. நம்புவோர் நம்பினர், மறுப்போர் மறுத்தனர், உண்மை யாருக்கும் உதவாமல் போயிற்று.

முத்திரைக்கு வருவோம். அமெரிக்காவின் இலாசு அலமோசு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த குழுவொன்று இருநூறுக்கு மேற்பட்ட முத்திரை வகைகளை ஆராய்ந்து, எளிய கருவிகளாலேயே, மிகச் சிறு நேரத்தில், தடம் தெரியாமல் அவற்றை வெல்லலாம் என்று காட்டிற்று. ஆகவே முத்திரையே வேண்டா என்று யாம் சொல்லவில்லை. கிழிந்ததா என்று மட்டும் பார்ப்பதால் பயனில்லை. இது அன்று ஒட்டிய அதே முத்திரைதானா என்று பார்க்கவேண்டும். அதற்கு விலை மிகுந்த கருவி எதுவும் தேவையில்லை. 2013-இல் செருமனியின் ஆம்பர்கு நகரில் கூடிய கணிப்பொறியர் பேரவையில் இருவர் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள்: மினுக்குத்துகள் கலந்த நகப்பூச்சை மடிக்கணிப்பொறியின் திருகாணித் தலைகளில் தடவி, உலர்ந்ததும் ஒளிப்படம் எடுத்துக்கொள்க. துகள்கள் படியும் கோலத்தை இரண்டாம் முறை அவ்வாறே அமைக்க எவராலும் இயலாது. அவ்வொளிப்படத்தை அப்பொறிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அறிவாளிகளும் இருப்பராதலின், அதனை வேறிடத்தில் வைக்க என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம்.

நம் மன்றங்களிலும் அச்சகங்களிலும் உள்ள பொறிகளுக்கு இவ்வளவேனும் செய்யலாம். வாங்கிய அன்றே, உள்ளறிந்த ஒருவரைக் கொண்டு மூடியைத் திறந்து படம் எடுத்து, உறுப்புகளின் தொடர் எண்களை ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்தால், திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வேறுபாடு கண்டால் பதறி உறுப்பைப் பிடுங்கி எறிந்துவிடுதல் கூடாது. மின்னிணைப்பை நீக்கி, தொட்டவர் யார், எந்நாள், எம்மணி என்று எழுதி, அப்பொறியைத் தனியே பூட்டி வைத்து, அதே வகைப் பொறி இன்னொன்றோடு ஒப்பிடச் செய்யவேண்டும். அதுவரை அதன் அருகில் இருந்து மறைபொருள் பேசுதலும் கூடாது. மாசுகோப் பொறிகளில் ஒன்றைக் கண்டதும் அமெரிக்கர் ஊரறியக் கூவவில்லை, எஞ்சியவற்றையும் ஆராய்ந்தனர். 1985-இல்தான் செய்தி வெளியே வந்தது.

இனி, தமிழகத்தார் ஒவ்வொருவரும் விரல் வைக்கும் பொறிக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தமிழகத் தொகுதிகள் அனைத்திலும் மின்னணு வாக்குப்பொறி வந்துவிட்டது. 2010-இல் ஐதராபாத்துப் பொறியாளர் ஒருவரும் அயல்நாட்டு ஆய்வாளர் இருவரும் தலைமையேற்ற குழு, உண்மையான வாக்குப்பொறி ஒன்றைக் கையில் வைத்து இரண்டு கரவுகளைச் செய்து காட்டிற்று. எண்ணிக்கையைக் காட்டும் பலகையை அதேபோன்ற வேறு பலகையால் மாற்றிப் பொய்யெண் காட்டச் செய்வது ஒன்று. சிறு கவ்விக் கருவியை நினைவகத்தில் மாட்டிப் பதிந்த வாக்குகளை மாற்றுவது மற்றொன்று. எத்தேர்தலிலேனும் இவ்வாறு நடந்தது என்பதற்கு அவர்கள் சான்று காட்டவில்லை. அவ்வாறு சொல்லவும் இல்லை. நடக்கக்கூடும் என்பதையே காட்டினர். தேர்தல் ஆணையமோ முத்திரையும் காவலும் போதும் என்றது. பொறியாளரை அவ்வாண்டு ஆகசுட்டுத் திங்களில் தளையிட்டனர். கிடங்கினின்று பொறி இசைவின்றி வெளியே போயிற்று என்பது வழக்கு. காவலில் இருந்த பொறி வெளியே போகக்கூடும் என்பதன்றோ அவ்வழக்கே சொல்லும் முதற்செய்தி? கம்பிச்சுருளைக் கண்டவர்க்கு அங்கே பரிசு வைத்திருந்தனர்.

2013-இல் உச்ச அறமன்றம், வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் இணைப்பொறியைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்லிற்று. அது நல்ல ஏற்பாடு; பொறி பொய் சொன்னால் தாள் காட்டிக்கொடுக்கும். 2024 ஏப்பிரல் 26 தீர்ப்பில், தாள்கள் அனைத்தையும் எண்ணுதல் வேண்டும் என்ற வேண்டுகையை மறுத்த அம்மன்றம், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் எழுதிக் கேட்டால் நூற்றுக்கு ஐந்து பொறிகளின் நுண்சில்லு நினைவகத்தைச் சரிபார்க்க வழி செய்தது. சரிபார்ப்போர் யார்? அப்பொறிகளைச் செய்த நிறுவனப் பொறியாளர்களே. செய்தவரே சான்று கூறினால் தோற்றவன் நெஞ்சு அமையுமா? பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாக்குப்பொறி செய்யும் இரு நிறுவனங்களும், ஒவ்வொரு வகைப் பொறியிலும் ஒன்றைக் கட்சிகளின் முன்னிலையில் திறந்து, ஊடுகதிர்ப் படமெடுத்து, எடை பார்த்து, உயர் அறமன்றக் காப்பறை ஒன்றில் மூலப்பொறியாக வைக்கவேண்டும். ஐயம் எழுந்த பொறியை அதனோடு ஒப்பிடுவோர், நிறுவனங்களைச் சாராத பொறியியற் பேராசிரியர்களாய் இருத்தல் வேண்டும். தேர்தல் ஆணையத்துக்கு மடல் எழுதும் அன்பர்கள் இவ்விரு வேண்டுகைகளையும் சேர்த்து எழுதுக.